விற்றாலும் குறையாத சரக்கு

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் எது என்று கேட்டால், தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் அனைவரும் ‘கல்வி’ என்றே விடை சொல்வோம். நான் பணிபுரியும் துறையில் இன்னொரு விடையும் உண்டு: சில்லு வடிவமைப்பு. ஒரு முறை வரைந்ததை நூறு பேருக்கு விற்கலாம். விற்றவரிடமும் அது அப்படியே இருக்கும். ஆனால், அப்படி விற்பது எளிதன்று என்பதை ஓர் இழப்பின் வழியாகத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஐபி என்றால் என்ன?

இன்றைய கைப்பேசிச் சில்லு ஒன்றில் பல பில்லியன் டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அத்தனையையும் எந்த நிறுவனமும் புதிதாக வடிவமைப்பதில்லை. செயலி, யுஎஸ்பி இணைப்பு, நினைவகக் கட்டுப்பாடு என்று சில்லு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சில பகுதிகள் முந்தைய சில்லிலிருந்து எடுத்தாளப்படும். சில வெளியாரிடம் வாங்கப்படும். இவ்வாறு மீண்டும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்புப் பகுதியையே எங்கள் துறையில் ‘ஐபி’, அதாவது அறிவுசார் சொத்து, என்கிறோம்.

இதில் இரு வகை உண்டு. வெரிலாக் போன்ற மொழியில் எழுதிய நிரலாகக் கிடைப்பது மென்வகை. அதை வெவ்வேறு தொழிற்சாலைகளின் தொழில்நுட்பத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டர்களின் இடமும் கம்பிகளின் பாதையும் வரைந்து முடிந்த நிலையில் கிடைப்பது வன்வகை. அதன் வேகமும் மின்செலவும் முன்கூட்டியே தெரியும். ஆனால், வேறொரு தொழில்நுட்பத்திற்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

இவ்வணிகத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ஆர்ம் நிறுவனம். ஏக்கார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ டெக்னாலஜி ஆகிய மூன்றும் சேர்ந்து 1990-இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் அப்போது இருந்த பொறியாளர்கள் 12 பேர். சில்லைத் தயாரித்து விற்காமல், செயலி வடிவமைப்பைப் பயன்படுத்தும் உரிமத்தை அது விற்றது. முதலில் உரிமக் கட்டணம். பிறகு விற்பனையாகும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சிறு பங்கு. 2016-இல் ஜப்பானின் சாப்ட்பேங்க் அதனை ஏறத்தாழ 32 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

நான் கற்ற பாடம்

பட்டம் பெற்றுப் பினாங்கில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். தரவு பரிமாறும் பகுதி ஒன்றைப் பழைய சில்லிலிருந்து எடுத்துப் புதிய சில்லில் பொருத்துவது என் முதல் வேலை. “ஏற்கனவே ஓடுகிற நிரல்தானே, இரண்டு வாரம் போதும்” என்றார் மேலாளர். எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கடிகார வேகம் மாறினால் தரவு தவறியது. குறிப்பேடு இல்லை, சோதனை நிரல்கள் பாதிதான் இருந்தன, எழுதிய அண்ணன் வேலை மாறிப் போயிருந்தார். அவர் கையில் அது நன்றாகவே ஓடியிருக்கும். பாட்டியின் மீன்குழம்பு போலத்தான். கைப்பக்குவத்தை அளவுகோலாக எழுதி வைக்காவிட்டால் அடுத்தவர் சமையலில் அந்த ருசி வராது.

திருத்தி முடித்தபின், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அப்பகுதியை விலைக்குக் கேட்டது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதிலுள்ள அனைத்தும் உங்களுடையதா?” தேடிப் பார்த்தோம். உள்ளே இருந்த சிறிய நினைவகப் பகுதி, ஒரே ஒரு சில்லுக்கான உரிமத்தில் முன்பு வேறொருவரிடம் வாங்கியது. எங்கள் இரண்டாவது சில்லில் அதைப் பயன்படுத்தியதற்கே தனிக் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. விற்பனையும் கைநழுவியது. உரிமம் என்பது வாடகை வீடு. குடியிருக்கலாம், உள்வாடகைக்கு விட முடியாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இச்சிக்கல் உண்டு. குவால்காம் 2021-இல் நுவியாவை வாங்கியது. நுவியா தன் உரிமத்தின்கீழ் உருவாக்கிய வடிவமைப்பு புதிய உரிமையாளருக்குச் செல்லுமா என்று 2022-இல் ஆர்ம் வழக்குத் தொடுத்தது. குவால்காமின் சொந்த உரிமமே போதும் என்று 2024 டிசம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

நமக்கு என்ன?

இண்டெல் 1972-இல் பினாங்கிற்கு வந்தது முதல், சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதில் நம் நாடு பெயர் பெற்றிருக்கிறது. என் அம்மாவும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண் பதித்தவர்தான். அவர் தொட்ட சில்லுகளை வடிவமைத்தவர்கள் வேறு நாட்டினர். 2025 மார்ச்சில் மலேசிய அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது; பத்தாண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்தி அதன் வடிவமைப்புகளைப் பெறவும், 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியளிக்கவும் திட்டம்.

நல்ல தொடக்கம்தான். ஆயினும், நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமை. அதன்மேல் நாமே எழுதிச் சேர்ப்பதுதான் நம்முடைய சொத்தாகும். ஆகவே, பொறியியல் பயிலும் தம்பி தங்கைகளே, உங்கள் இறுதியாண்டுத் திட்டத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள். எழுதிய நிரலோடு குறிப்பையும் சோதனையையும் சேர்த்து வையுங்கள். எதை எங்கிருந்து, எந்த நிபந்தனையில் எடுத்தீர்கள் என்று பதிவு செய்யுங்கள். முன்பின் அறியாத ஒருவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதைப் பயன்படுத்த முடிந்தால், அதுவே விற்றாலும் குறையாத சரக்கு.