குஞ்சுக்கு எந்தத் தரை நல்லது?

2007 பங்குனியில் படுவான்கரையில் போர் மூண்டபோது, வயலையும் மாட்டையும் விட்டு வாவி கடந்து வந்த குடும்பங்கள் பல. அப்படிக் கல்லடியில் தங்கியிருந்த ஒரு தாய், உதவியாகக் கிடைத்த இருபது கோழிக்குஞ்சுகளைச் சீமெந்துத் தரையில் பத்திரிகைத்தாள் விரித்து வளர்த்தார். ஒரு கிழமைக்குள் பல குஞ்சுகள் கால் விரிந்து எழும்ப முடியாமற் போயின. தீனிலும் தண்ணீரிலும் குறை வைக்கவில்லையே என்று அவர் கலங்கினார். குறை தரையில் இருந்தது. வழுக்கும் தாளில் பிஞ்சுக் கால்கள் ஊன்றி நிற்கமாட்டா. சீமெந்தின் குளிரும் உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

குஞ்சுகளுக்கு ஏற்றது ஆழ்கூளம். நம் பகுதியில் அதற்குச் சிறந்த பொருள் காய்ந்த நெல் உமி. இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். முதல் நான்கைந்து நாட்களுக்கு அதன்மேல் சுத்தமான சணல் சாக்கை விரியுங்கள். இல்லாவிட்டால் தீன் எதுவென்று அறியாத குஞ்சுகள் உமியைக் கொத்தி விழுங்கும். சாக்கின் ஓர நூல்களை வெட்டிவிடுங்கள். அவை காலில் சுற்றிக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை மூன்று. நுண்ணிய மரத்தூளைக் குஞ்சுகள் விழுங்கும். அதன் தூசி மூச்சையும் அடைக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் நுரையீரல் நோயைத் தரும். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.

மாரி காலத்தில் கூளம் நனைந்தால் இரத்தக் கழிச்சல் பரவும். அமோனியா நெடியால் கண்கள் எரியும். ஆகவே நாள்தோறும் ஒரு பிடி கூளத்தை அள்ளி அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அந்தப் பகுதியை அகற்றிப் புதிய உமி போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல்லின்மேல் வைத்தால் சிந்துவது குறையும். கிழமைக்கு இரண்டு முறை கூளத்தைக் கிளறிவிடுங்கள். இரத்தக் கழிச்சல் கண்டால் தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள்.

குஞ்சுகள் வளர்ந்தபின் அகற்றும் கூளமும் வீண்போகாது. குவித்து மட்கவைத்தால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை.

அடுத்த முறை குஞ்சு வாங்கப் போகுமுன், ஒரு சாக்கு உமியை வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் காயவையுங்கள். குஞ்சு வரும்போது தரை ஆயத்தமாக இருக்கட்டும்.