வலையும் வேண்டும், காட்சியும் வேண்டும்

திக்லிபூரில் வாழும் நமக்குக் கண்ணுக்கு விருந்து நிறைய உண்டு. ஒரு பக்கம் தீவுகளிலேயே உயரமான சேடில் பீக், 732 மீட்டர். மறுபக்கம் ஏரியல் பே கடல். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்தால் பழைய கொசு வலை பாதியை மறைத்துவிடுகிறது. "வலையே வேண்டாம்" என்று பிய்த்து எறிந்துவிடலாமா என்று சிலருக்குத் தோன்றும். அது தவறு. வலை இருக்கும்போதே காட்சியைத் தெளிவாக்க வழி இருக்கிறது.

முதலில் வலை ஏன் தேவை என்று பார்ப்போம். 1900-ஆம் ஆண்டு இத்தாலியில் கிராசி என்ற விஞ்ஞானி, மலேரியா மிகுந்த கப்பாச்சியோ சமவெளியில் ரயில்வே ஊழியர் வீடுகளுக்குக் கம்பி வலை அடித்துச் சோதித்தார். பாதுகாப்பில் இருந்த 112 பேரில் 5 பேருக்கே காய்ச்சல் கண்டது. நம் அந்தமானில் 1912-இல் ஆய்வு செய்த கிறிஸ்டோபர்ஸ், உப்பங்கழி நீரில் வளரும் கொசுவே இங்கு மலேரியாவைப் பரப்புகிறது என்று காட்டினார். கழியும் சதுப்பும் இன்றும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. டெங்குக் கொசுவோ பகலிலேயே கடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் வலை கட்டாயம்.

இனி காட்சிக்கு வருவோம். காட்சியை மறைப்பது கம்பியின் தடிமன்தான். அங்குலத்துக்கு 18 கண் உள்ள வலையில் கம்பி 0.28 மி.மீ. என்றால், பரப்பில் 64 சதவீதமே திறந்திருக்கும். அதே 18 கண், கம்பி 0.15 மி.மீ. என்றால் 80 சதவீதம் திறந்திருக்கும். கண்ணின் அகலம் 1.13 மி.மீ.-இலிருந்து 1.26 மி.மீ. ஆகிறது, அவ்வளவே. கொசு நுழையாது, வெளிச்சமும் காற்றும் கூடும். ஆகவே கடையில் கண் எண்ணிக்கையோடு கம்பித் தடிமனையும் கேளுங்கள்.

அடுத்தது நிறம். வெள்ளை, வெள்ளி, பச்சை வலைகளில் வெயில் பட்டுச் சிதறிக் கண்ணில் அடிக்கும். பார்வை வலையிலேயே நின்றுவிடும். கறுப்பு வலை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் பார்வை அதைத் தாண்டிப் போகும்.

உப்புக் காற்றில் நாகமுலாம் பூசிய இரும்பு வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பூசிய கண்ணாடி நார் வலை துருப்பிடிக்காது. ஆனால் பூனை, எலி கிழித்துவிடும். கடலோரத்துக்கு 316 ரக எவர்சில்வர் வலை நல்லது. அதை அலுமினியச் சட்டத்தில் நேராகப் பொருத்தினால், ஈரம் பட்டு அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் பட்டை கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுச் சட்டம் பழைய படாக் மரமா? வீசிவிடாதீர்கள். அது நம் ஊர் வேங்கையின் இனம். 2002 மே மாதத்து உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் இங்கே மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. இழைத்து எண்ணெய் பூசிப் பித்தளைத் திருகாணி போட்டால் மறுபடி உழைக்கும்.

குறுக்குச் சட்டம் எந்த உயரத்தில் வருகிறது என்பதும் முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் ஏறக்குறைய 115 செ.மீ., தரையில் பாய் போட்டு உட்கார்ந்தவர் கண் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். சட்டத்தை 95 செ.மீ.-இல் வைத்தால் இருவருக்கும் மறைக்காது.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் நீச்சல் குளத்தையே வலைக் கூண்டுக்குள் வைக்கிறார்கள். காட்சிக்காக முன்புறத் தூண்களை எடுத்துவிட்டு மேலே ஒரு கனமான உத்திரம் கொடுப்பார்கள். அதைப் பார்த்து நாமும் நடுத்தூணை எடுக்கக் கூடாது. அங்கே தலைக்கு மேலும் வலைதான். நமக்கோ மேலே கூரை இருக்கிறது. ஒரு தூணை எடுத்தால் உத்திரத்தின் நீளம் இரட்டிப்பாகும். வளைக்கும் விசை நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு ஆகும். போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, இந்தியத் தர நிர்ணயம் கூறும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 44 மீட்டர். அடைத்த சுவரில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 118 கிலோ அழுத்தம். வலை காற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். உப்பும் சருகும் அடைத்த வலை விடாது. 2004-இல் சார்லி புயலின்போது புளோரிடாவிலேயே பல கூண்டுகள் சாய்ந்தன. நமக்கு நிலநடுக்கமும் உண்டு. 2002 செப்டம்பர் 13 அன்று திக்லிபூர் குலுங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூணில் கை வைக்கும் முன் பொறியாளரைக் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு, மென்மையான தூரிகையால் வலையைக் கழுவுங்கள். பலர் வீட்டில் காட்சியை மறைப்பது வலையல்ல, அதில் படிந்த உப்பும் தூசியும்தான். செலவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள்.