மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் வரிக்கழிவும்: தென்காசி வட்டாரத்து வடகரைக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சொந்தப் பணத்தில் மருத்துவக் காப்பீடு எடுப்பவர், தாம் கட்டும் பிரீமியத்தை வரி கணக்கிடுவதற்கு முன்பே மொத்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு இடம் தந்தது. அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இச்சலுகை 126ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. கழிவது வருமானமே தவிர வரி அன்று. ஆகவே 25,000 ரூபாய் பிரீமியம் கட்டினால் 25,000 ரூபாய் வரி மிச்சம் என்று பாலிசி விற்க வருபவர் சொல்வாரானால், அதை நம்ப வேண்டியதில்லை.

தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தம்மைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரையிலும், பெற்றோருக்குக் கட்டினால் தனியாக மேலும் 25,000 ரூபாய் வரையிலும் கழிக்கலாம். காப்பீடு பெறுபவர் இந்தியாவில் வசிக்கும், 60 வயது நிறைந்த மூத்த குடிமகனாயின் அந்தந்த வரம்பு 50,000 ரூபாயாக உயரும். பெற்றோர் மகனையோ மகளையோ சார்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் மாமனார், மாமியார், உடன்பிறந்தோர் ஆகியோருக்குக் கட்டும் பிரீமியம் இக்கணக்கில் சேராது. மாமியாருக்கு மருமகன் கட்டுவதைவிட, வரி கட்டும் அளவு வருமானமுள்ள மகளே தம் கணக்கிலிருந்து கட்டுவது சட்டப்படி பயனுள்ளது.

இச்சலுகை பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2023–24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையே இயல்பான தேர்வாகிவிட்டதால், பழைய முறை வேண்டும் என்று தெரிவிக்காதவருக்கு இந்தக் கழிவு கிடையாது. மேலும், 2025–26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்ச ரூபாய் வரை வருமானமுள்ள உள்நாட்டுவாசிக்குத் தள்ளுபடியின் மூலம் வரியே இல்லை என்பதால், தென்காசி வட்டாரத்துச் சம்பளக்காரர் பலருக்கு 80டி என்பது பெயரளவுச் சலுகையாகவே சுருங்கிவிட்டது.

வளைகுடாவில் பணிபுரிந்துகொண்டு, ஊரில் கடை வாடகை பெறுபவரின் நிலை வேறு. அந்தத் தள்ளுபடி வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது. அத்தகைய ஒருவருக்கு, கழிவுகள் போக வாடகை வருமானம் 6 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட 2 லட்சத்துக்கு 5 விழுக்காடு வீதம் 10,000 ரூபாய் வரி வரும். பழைய முறையில், தமக்கு 25,000, வடகரையில் வாழும் முதிய பெற்றோருக்கு 50,000 என்று பிரீமியத்தைக் கழித்து, ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான 1.5 லட்சத்தையும் கழித்தால், 2.5 லட்சம் விலக்குக்குப் பின் எஞ்சும் 1.25 லட்சத்துக்கு வரி 6,250 ரூபாய் மட்டுமே. சேமிப்புக் கழிவு இல்லையென்றால் பழைய முறையில் வரி 17,500 ரூபாயாக ஏறிவிடும். ஆகையால் இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும். துபாயில் எடுத்த பாலிசி இதற்குச் செல்லாது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்தின் பாலிசியே செல்லும்.

பெரும்பாலும் சிக்கல் எழுவது பணம் கட்டும் வழியில்தான். ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்குக் கழிவு இல்லை. ஏஜென்டிடம் ரொக்கத்தைக் கொடுக்க, அவர் தம் கைப்பேசியிலிருந்து கட்டிவிடும் பழக்கம் ஊர்களில் உண்டு. ரசீதில் பாலிசிதாரர் பெயர் இருந்தாலும் பணம் சென்றது ஏஜென்டின் கணக்கிலிருந்து என்பதால், விசாரணை வந்தால் கட்டியவர் யார் என்று நிரூபிப்பது கடினம். உடல் பரிசோதனைக்கான 5,000 ரூபாயை மட்டும் ரொக்கமாகவும் கட்டலாம். அதுவும் மேற்சொன்ன வரம்புக்குள் அடங்கியதே.

வயதாலும் சர்க்கரை நோயாலும் பாலிசி கிடைக்காமல் போன மூத்த குடிமக்களுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: அவர்களுக்குக் காப்பீடு இல்லாத நிலையில், திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ ஆகும் மருத்துவச் செலவை ரொக்கமில்லா வழியில் செலுத்தினால், 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் பிரீமியம் எதுவும் கட்டுவதில்லை என்பதால் அதைக் காட்டிக் கழிவு கோர முடியாது. குற்றாலத்தில் விடுதி நடத்துபவர் தம் ஊழியர்களுக்காக எடுக்கும் காப்பீட்டின் பிரீமியமோ, ரொக்கமில்லா வழியில் கட்டப்பட்டால், தொழில் செலவாகவே கருதப்பட்டுப் புதிய முறையிலும் கழியும்.

இல்லாத பாலிசியைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களை விலக்க வேண்டும். 2025–26 மதிப்பீட்டு ஆண்டு முதல் வரிப் படிவத்திலேயே காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கப்படுகின்றன. பொய்க் கணக்குக்கு உரிய வரியின் 200 விழுக்காடு வரை அபராதம் உண்டு, அதைக் கட்டுபவர் வரிதாரரே, தரகர் அல்லர்.

வரிக்காகவே அவசரமாகப் பாலிசி எடுத்து, முன்பே உள்ள நோயை மறைப்பது அதனினும் பெரிய இழப்பைத் தரும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் மிச்சமான வரி எதற்கும் காணாது. நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.