கொடுக்கல் வாங்கலும் போரும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "தம்முள் வாணிகம் செய்யும் நாடுகள் எளிதில் போரிடமாட்டா" என்று கூறினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "எங்கள் ஊரில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்குள்தானே, ஐயா, சண்டையே வருகிறது?" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று அவனுக்குச் சொல்லாத விடையை இன்று உங்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

நான் கூறியது என் சொந்தக் கருத்தன்று. நார்மன் ஏஞ்சல் என்ற ஆங்கிலேயர், 1910-இல் வெளிவந்த 'மாபெரும் மாயை' என்னும் நூலில், நாடுகளின் பணமும் பண்டமும் பின்னிப் பிணைந்துவிட்ட காலத்தில் வென்றவனுக்கும் போரினால் ஆதாயம் இல்லை என்று வாதித்தார். போரே வராது என்று அவர் கூறியதாகப் பலர் கருதினர். அது அவருக்கு இழைத்த அநீதி. ஆதாயம் இல்லாத செயல்களை மனிதர் செய்வதில்லையா, என்ன?

அக்காலத்தில் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று சிறந்த வாடிக்கையாளர்கள். ஜெர்மானிய வணிகக் கப்பல்கள் பல லண்டன் லாயிட்ஸில் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் கடற்படை அக்கப்பல்களை மூழ்கடித்தால், நட்ட ஈட்டை லண்டன்காரர்களே கொடுக்க நேருமே! இவ்விந்தையான நிலையிலும், 1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுத்தது.

ஜப்பானின் கதை இன்னும் கடுமையானது. அந்நாடு தனக்கு வேண்டிய எண்ணெயின் பெரும்பகுதியை அமெரிக்காவிலிருந்தே வாங்கியது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படை இந்தோசீனத்தின் தென்பகுதியிற் புகுந்தது, அமெரிக்கா ஜப்பானின் சொத்துக்களை முடக்கியது, எண்ணெய் நின்றது. இருப்புக் குறையக் குறைய, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகள் ஜப்பானியத் தளபதிகளின் கண்முன் நின்றன. டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. பிறன் கையில் தன் குரல்வளை இருக்கக் கண்டவனுக்கு வாணிகம் நட்பாகத் தோன்றவில்லை; அச்சமாகவே தோன்றியது. என் மாணவன் ஊரில் கண்டது இதைத்தான்.

அப்படியானால் வாணிகத்தால் பயனே இல்லையா? பிரான்சையும் ஜெர்மனியையும் பாருங்கள். 1870, 1914, 1939 என எழுபதாண்டுகளுள் மும்முறை போரிட்டவை அவை. 1950 மே 9-ஆம் நாள் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ராபர்ட் ஷூமான், இரு நாடுகளின் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது மேலதிகார அமைப்பின்கீழ் வைப்போம் என்றார். பீரங்கிக்கு வேண்டுவன அவ்விரண்டுமேயன்றோ! அடுத்த ஆண்டு ஆறு நாடுகள் பாரிஸில் உடன்படிக்கை செய்தன. அமெரிக்கப் படையும் சோவியத் பற்றிய அச்சமும் அவர்களை நெருங்கச் செய்தன என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் முன்னைய வாணிகத்தில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: வழக்குத் தீர்க்க ஒரு நீதிமன்றம்.

கொடுக்கல் வாங்கலில் சச்சரவு அங்கும் வராமல் இல்லை. அந்நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பை 1954 டிசம்பரில் வழங்கியது. வழக்கிட்டது பிரெஞ்சு அரசாங்கம். வழக்கு, உருக்கு விலைப்பட்டியல்களைப் பற்றியது.