கரையும் மதகும்



தவக்காலக் காணிக்கை எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி நம் காதில் விழுகிறது: "இந்தப் பணம் காரித்தாசுக்குப் போகிறது என்கிறீர்களே ஃபாதர், அங்கே கணக்குக் கேட்பவர் யார்?" இக்கேள்வியில் தவறில்லை. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டிய திருத்தூதர் பவுலும், தம்மேல் எவரும் குறை சொல்லாதபடி, திருச்சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் உடன் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பா இடிபாடாய்க் கிடந்தது. கத்தோலிக்க உதவி அமைப்புகள் நாட்டுக்கு நாடு தனித்தனியே உழைத்தன. அவற்றை ஒன்றுசேர்க்க ஊக்கமூட்டியவர் திருப்பீடச் செயலகத்தில் பணியாற்றிய மொந்தீனி. பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுல். 1951 டிசம்பரில் பன்னாட்டு காரித்தாஸ் உரோமையில் உருவாயிற்று. இந்திய ஆயர்கள் 1962-இல் காரித்தாஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள்.

ஆகவே காரித்தாஸ் திருச்சபைக்கு வெளியே நிற்கும் தொண்டு நிறுவனம் அல்ல. மறைமாவட்டத்தில் ஆயரும், நாட்டில் ஆயர் பேரவையும், உலக அளவில் திருப்பீடமும் அதற்குப் பொறுப்பு. 2004-இல் புனித இரண்டாம் ஜான் பால் அதற்குத் திருச்சபைச் சட்டப்படி பொது அமைப்பு என்னும் தகுதியை வழங்கினார். திருச்சபையின் பெயரால் செயல்பட்டால், திருச்சபைக்குப் பதில் சொல்லவும் வேண்டும். 2012-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் இதைச் சட்டமாகவே எழுதினார்: அறப்பணி அமைப்புகள் ஆண்டுதோறும் ஆயரிடம் கணக்குக் கொடுக்கவேண்டும்; அவற்றின் நிர்வாகத்தில் எளிமை விளங்கவேண்டும்.

உச்சியில் இருப்பவர்களுக்கும் விலக்கில்லை. 2022 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் பன்னாட்டு காரித்தாசின் தலைமையைக் கலைத்து, தற்காலிக நிர்வாகியை நியமித்தார். பண முறைகேடு எதுவும் காணப்படவில்லை. நிர்வாகத்தில் குறை இருந்தது. பணியாளர்கள் மனம் நொந்திருந்தார்கள். ஏழைகளுக்கு உதவும் வீட்டில், அங்கே உழைப்பவர் அழக்கூடாது.

இந்த உறவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை நம் பக்கத்து நாட்டில் கண்டோம். 2009 மே மாதம் இலங்கையில் போர் ஓய்ந்தபின், காரித்தாஸ் அமைப்புகள் வன்னி மக்களிடையே பணி செய்தன. ஆனால் கூரை கொடுத்தால் மட்டும் தாயின் கண்ணீர் நிற்குமா? 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசின் விசாரணை ஆணைக்குழு முன் நின்று, அரசுப் புள்ளிவிவரங்களையே காட்டி, 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். அமைப்பு உணவளித்தது, ஆயர் உண்மையைக் கேட்டார். இரண்டும் ஒரே அன்பின் பணி.

நம் மதுராந்தகம் ஏரியைப் பாருங்கள். கரை இல்லையேல் தண்ணீர் நிற்காது; மதகு திறக்காவிட்டால் நின்ற தண்ணீரால் வயலுக்குப் பயனில்லை. தலைமை கரை, அமைப்பு மதகு. கரையைப் பார்த்துக்கொள்வது ஊரார் எல்லாருடைய கடமை.

எனவே தாராளமாகக் கொடுப்போம். கூச்சமின்றிக் கணக்கும் கேட்போம். நம் பங்கின் காணிக்கைக் கணக்கையும் பீடத்திலிருந்தே வாசிப்போம். கேட்பவரைக் குறை கூறுபவராக எண்ணாதிருக்கும் மனத்தை ஆண்டவர் நமக்கு, முதலில் குருக்களாகிய எங்களுக்கு, அருள்வாராக. ஆமென்.