நகரச் சிறுவரும் நூல் வாசிப்பும்

எழுத்தறிவு வேறு, வாசிப்புப் பழக்கம் வேறு. எழுத்துக்களைக் கூட்டிச் சொற்களை ஒலிக்கும் ஆற்றலைப் பாடசாலை ஓரிரு ஆண்டுகளில் ஊட்டிவிடுகின்றது. ஒருவரும் ஏவாமலே நூலொன்றைத் தேடியெடுத்து அதில் ஆழ்ந்திருக்கும் பழக்கமோ பாடத்திட்டத்தினால் மட்டும் வருவதன்று. ஆரம்ப வகுப்புக்களிலே பயிலும் பருவத்தில் அது வேரூன்றாவிடின், பின்னர் அதனை உண்டாக்குதல் அரிது. ஆதலின், எமது நகரங்களில் வாழும் இளஞ்சிறாரின் நிலையை இம்மலர் வாயிலாகச் சிறிது ஆராய விழைகின்றோம்.

கொழும்பிலும் யாழ்ப்பாண நகரிலும் வாழும் பிள்ளைகளிற் பலருக்கு நூல்கள் எட்டாப் பொருளல்ல. பொது நூலகங்களும் புத்தகசாலைகளும் அணித்தாகவே உள்ளன. அவர்களுக்குக் கிட்டாதது ஓய்வே. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. அது முடிந்ததும் வீட்டுவேலை. எஞ்சும் சிறுபொழுதைக் கைத்தொலைபேசி கவர்ந்துகொள்கின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. 1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தையொட்டி, வசதி குன்றிய கிராமத்துச் சிறாருள் திறமையுடையோரைத் தெரிந்தெடுத்து மத்திய பாடசாலைகளிற் கற்பித்தற்கென எழுந்த ஏற்பாட்டின் வழிவந்தது அது. ஏழைப் பிள்ளைக்கு வாயில் திறக்க வந்த பரீட்சை இன்று நகரத்துப் பிள்ளையின் கதைப்புத்தகத்தை மூடிவிடுகின்றது. மாதிரி வினாத்தாள்களையன்றிப் பிறிதொன்றையும் காணாத பிள்ளை, வாசித்தல் என்பது விடையெழுதுதற்காகச் செய்யும் வேலை என்றே எண்ணிக்கொள்கின்றது.

இதற்குப் பரிகாரம் செவியிலிருந்து தொடங்கவேண்டும். தமிழிலே பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் தம்முள் மிக வேறுபட்டவை. வீட்டிலே “வாறன், போறன்” என்று பேசும் பிள்ளை, நூலிலே “வருகின்றேன், போகின்றேன்” என்று காணும்போது தன் தாய்மொழியையே புதுமொழிபோலக் கற்கவேண்டியதாகின்றது. எழுத்து வழக்கினை நாடோறும் காதாற் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அவ்விடர் பெரிதும் குறையும். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. எமது கோயில்களில் நிகழும் புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். எழுத்தறியாத முதியோரும் கந்தபுராணக் கதையை நன்கறிந்திருந்தமை அவ்வழக்கத்தின் பயனாகும். அதனையே சிறிய அளவில் வீட்டிலும் செய்யலாம். தாயோ தந்தையோ இரவில் உறங்குமுன் கால்மணி நேரம் உரக்க வாசித்து, சுவை மிகுந்த இடத்திலே நிறுத்துவாராயின், மீதியை அறியும் ஆவலாற் பிள்ளை தானே நூலைக் கையிலெடுக்கும்.

அடுத்தது, நூலைத் தெரிந்துகொள்ளும் உரிமை. பெற்றோர் பலர் நீதி புகட்டும் நூல்களையும் பரீட்சைக்கு உதவும் நூல்களையுமே வாங்குகின்றனர். 1953 ஆம் ஆண்டில் மறைந்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், ஆடிப்பிறப்புக் கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர்க்குப் பொருளாக்கினார். பிள்ளைகள் கண்டறிந்த பொருள்களைப் பாடியதனாலேயே அப்பாட்டுக்கள் தலைமுறை கடந்தும் நிலைத்துள்ளன. இன்றைய நகரப் பிள்ளை கிரிக்கெற்றையோ விண்வெளியையோ புகையிரதத்தையோ பற்றி வாசிக்க விரும்பின், விரும்பியவாறே வாசிக்கட்டும். ஒரே நூலைப் பத்து முறை கேட்பினும் தடுத்தலாகாது.

பாடசாலைக்கும் இதிற் பெரும்பங்குண்டு. ஆண்டுதோறும் ஒக்டோபரில் வாசிப்பு மாதம் கொண்டாடப்படுகின்றது; போட்டிகளும் பேச்சுக்களும் நிகழ்கின்றன. ஆயினும், பரிசு பெறுவோர் பெரும்பாலும் முன்னமே வாசிப்பவர்கள். வாசியாத பிள்ளை கைதட்டிவிட்டு வீடு திரும்புகின்றது. நாடோறும் 15 நிமிடம் வகுப்பு முழுவதும் விரும்பிய நூலை வாசிக்கட்டும்; ஆசிரியரும் உடனிருந்து தமது நூலை வாசிக்கட்டும். அதன் முடிவிலே வினாவும் வேண்டா, புள்ளியும் வேண்டா. 200 பாடசாலை நாட்களில் இது 50 மணித்தியாலமாகும். 40 பிள்ளைகள் ஆளுக்கொரு நூல் கொணர்ந்தால், ஒரு நூலின் விலையில் ஒவ்வொருவருக்கும் 40 நூல்கள் கிடைக்கும். இயலாத பிள்ளைக்காகப் பாடசாலை ஒன்றை வைக்கலாம். அந்நூல்கள் பூட்டிய அலுமாரியில் அல்லாது, சிறுவர் கைக்கெட்டும் தட்டிலே இருத்தல் வேண்டும். கிழியுமே என்று அஞ்சி ஒளித்துவைத்த நூலினால் யாருக்கும் பயனில்லை.

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்துயரை அறிந்த எம்மவர் கட்டடத்தை மீண்டும் எழுப்பினர், தட்டுக்களை நிரப்பினர். வாசிப்போர் வளராவிடின் அத்தட்டுக்கள் நிறைந்திருந்தும் மேசைகள் வெறுமையாகவே கிடக்கும். ஆதலின், பழைய மாணவர்களை நாம் வேண்டுவது இது: யூபிலியின் நினைவாக ஆரம்ப வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்றட்டினை அளியுங்கள். அளித்ததோடு அமையாது, மாதத்தில் ஒரு நாளேனும் வந்து, அச்சிறுவர் நடுவே அமர்ந்து ஒரு கதையை உரக்க வாசியுங்கள்.