குரல்வளை நீக்கத்திற்குப் பின் பேச்சு: புற்றுநோய் மறுவாழ்வுப் பராமரிப்பில் தமிழ் ஒலியியலின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

குரல்வளைப் புற்றுநோய் முற்றிய நிலையில் குரல்வளை முழுவதும் அகற்றப்படும்போது நோயாளி தம் இயல்பான குரலை நிரந்தரமாக இழக்கிறார். அவருக்குப் பேச்சை மீட்டுத்தரும் வழிகளை இக்கட்டுரை விளக்குகின்றது. அவ்வழிகளுக்குத் தமிழின் ஒலியமைப்பு எங்குத் துணைசெய்கிறது, எங்குக் கூடுதல் பயிற்சியை வேண்டுகிறது என்பதையும் எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், மறுவாழ்வுப் பராமரிப்பு, குரல்வளை நீக்கம், ஒலிப்பிறப்பு, வல்லினம், மாத்திரை.

முன்னுரை

புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய உரையாடல் பெரும்பாலும் உயிர்பிழைத்தலோடு நின்றுவிடுகிறது. பிழைத்தவர் எவ்வாறு உண்கிறார், உழைக்கிறார், பேசுகிறார் என்பன மறுவாழ்வுப் பராமரிப்பின் களத்தைச் சார்ந்தவை. இப்பராமரிப்பை அமெரிக்க மருத்துவர் ஜே. ஹெர்பர்ட் டயட்ஸ் நான்காகப் பகுத்தார். வரவிருக்கும் இழப்பை முன்னரே குறைத்தல், இழந்த செயல்திறனை மீட்டல், மீளாத குறையோடு இயன்றவரை தற்சார்புடன் வாழத் துணைநிற்றல், நோய் முற்றியவரின் துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. இப்பகுப்பின்படி மறுவாழ்வு என்பது சிகிச்சை முடிந்தபின் தொடங்குவதன்று. சிகிச்சையின் எல்லாக் கட்டங்களிலும் உடன்வருவது. குரல்வளை நீக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

1. இழப்பின் தன்மை

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுமையாக அகற்றும் அறுவையை 1873ஆம் ஆண்டு வியன்னாவில் தியோடர் பில்ரோத் மேற்கொண்டார். அந்நோயாளிக்கெனச் செயற்கைக் குரல்வளை ஒன்றை அவருடைய உதவியாளர் கார்ல் குசன்பாவர் வடிவமைத்தார். குரலை மீட்கும் முயற்சி அறுவையோடு சேர்ந்தே பிறந்தது என்பதை இது காட்டுகின்றது.

இவ்வறுவையில் மூச்சுக்குழலின் மேல்முனை கழுத்தின் முன்புறத்தில் ஒரு நிலையான துளையாகத் திறக்கப்படுகிறது. அதன்பின் மூச்சு, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ செல்வதில்லை. உள்ளே செல்லும் காற்று மூக்கில் வடிகட்டப்பட்டு, ஈரமும் வெப்பமும் பெறும் வாய்ப்பை இழக்கிறது. இருமலும் சளியும் மிகுகின்றன. மணத்தை நுகரும் திறன் குன்றுகிறது. பாரம் தூக்கும்போது குரல்வளையை மூடி மூச்சை அடக்குதல் இயலாமையால், உடலுழைப்பால் வாழ்வோரின் தொழிலும் பாதிப்புறுகின்றது. நீரில் இறங்குவதும் ஆபத்தாகிறது. நெருக்கடி நேரத்தில் இவருக்குச் செயற்கை மூச்சைக் கழுத்துத் துளை வழியாகவே அளிக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

2. இலக்கணம் காட்டும் ஒலிப்பிறப்பு

எஞ்சியிருப்பது எது என்பதை அறிய, தமிழ் இலக்கண நூல்களின் ஒலிப்பிறப்புக் கோட்பாடு உதவுகின்றது. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாவதைக் கூறுகின்றது. பன்னிரண்டு உயிர்களும் மிடற்றில் பிறந்த வளியால் ஒலிப்பன என்றும் குறிப்பிடுகின்றது. நன்னூலோ ஒலி எழும் இடங்களையும், அதனை வெவ்வேறு எழுத்தாக்கும் இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலையும் பிரித்துணர இடந்தருகின்றது.

இப்பகுப்பைக் கொண்டு நோக்கின், குரல்வளை நீக்கத்தால் அழிவது மிடற்றொலி மட்டுமே. நுரையீரலில் காற்று உண்டு. இதழும் நாவும் பல்லும் அண்ணமும் தத்தம் தொழிலைச் செய்யவல்லன. இவ்விரண்டிற்கும் இடையே அதிர்வொலி ஒன்றைப் புதிதாக அமைத்துத் தருவதே குரல் மறுவாழ்வின் பணியாகும்.

3. மூன்று வழிகள்

முதலாவது உணவுக்குழல் பேச்சு. வாயிலுள்ள காற்றை உணவுக்குழலின் மேற்பகுதிக்குள் செலுத்தி, உடனே வெளிவிடும்போது அங்குள்ள தசைப்பகுதி அதிர்ந்து ஒலி எழுகின்றது. கருவியோ செலவோ வேண்டியதில்லை. எனினும் கற்றுத்தேர மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், அனைவருக்கும் கைகூடுவதுமில்லை. ஒரு முறையில் கொள்ளும் காற்று மிகக் குறைவாதலால் தொடர்கள் சுருங்கியே அமையும்.

இரண்டாவது மின்குரல் கருவி. மின்கலத்தால் இயங்கும் இக்கருவியைக் கழுத்தில் அழுத்திப் பிடித்தால் அதன் அதிர்வு தொண்டைக்குள் பரவும். நாவும் இதழும் அதனைச் சொல்லாக்கும். விரைவில் கற்கலாம். ஆனால் ஒலி இயந்திரத்தன்மையுடையது. ஏற்ற இறக்கம் குறைந்தது.

மூன்றாவது குரல் வால்வு. மார்க் சிங்கர், எரிக் பிளோம் ஆகியோர் 1980இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறுதுளையிட்டு ஒருவழி வால்வு பொருத்தப்படுகிறது. கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை வெளிவிட்டால் நுரையீரல் காற்றே உணவுக்குழல் வழியாக ஒலியாகின்றது. பேச்சு நீண்டும் தெளிவாகவும் அமைகின்றது. ஆயினும் பூஞ்சைத் தொற்றாலும் கசிவாலும் வால்வை அவ்வப்போது மாற்ற வேண்டியுள்ளது. அச்செலவும் மருத்துவமனைக்குச் செல்லும் தொலைவும் வறியோர்க்குப் பெருந்தடைகளாகும்.

4. தமிழ் ஒலியமைப்பும் பயிற்சியும்

உணவுக்குழல் பேச்சில் காற்றை உட்செலுத்த ப், த், க் போன்ற வல்லொலிகளின் அழுத்தம் பயன்படுத்தப்படுகிறது. எனவே தொடக்கப் பயிற்சிக்கு வல்லினம் மிக்க சொற்கள் ஏற்றவை. தாத்தா, பாட்டி, அக்கா, அப்பா ஆகிய உறவுப்பெயர்களில் இரட்டித்த வல்லினம் அமைந்துள்ளது. பிறமொழிச் சொற்பட்டியலின் பெயர்ப்பைவிட, வீட்டில் நாள்தோறும் அழைக்கும் இச்சொற்களே பயிற்சிக்கும் வாழ்வுக்கும் ஒருங்கே பயன்படும். மெல்லினம் அமைந்த ‘அம்மா’ இவ்வுதவியைத் தாராதாகலின் அதனை அடுத்த படியில் வைக்கலாம்.

மின்குரல் கருவி இடைவிடாது அதிர்வதால் ஒலிப்பிலா ஒலிகளும் ஒலிப்புடையனபோல் கேட்கும். தமிழ்ச் சொற்களில் வல்லினத்தின் ஒலிப்பு பெரிதும் சொல்லில் அது நிற்கும் இடத்தால் அறியப்படுவதால் இக்குழப்பம் குறையும் எனக் கருத இடமுண்டு. இருபொருள்பட வரும் ‘பாவம்’ போன்ற கடன்சொற்களில் இது பொருந்தாது. மேலும் ‘படம்’, ‘பட்டம்’ ஆகியவற்றை வேறுபடுத்தும் பொறுப்பு முழுவதும் மாத்திரையின்மேல் விழுகின்றது. ஆதலால் கல் – கால், பாடு – பாட்டு போன்ற இணைகளில் நீட்டத்தையும் இரட்டிப்பையும் தெளிவுறுத்தும் பயிற்சி முதன்மை பெறவேண்டும்.

ஏற்ற இறக்கமின்மை வினாவைப் பெரிதும் பாதிப்பதில்லை. ‘வந்தான்’, ‘வந்தானா’ என்பவற்றுள் பொருளை வேறுபடுத்துவது ஆகார வினாவிடைச்சொல்லே. அதன் நெடில் குறுகாமல் காத்தல் போதுமானது.

முடிவுரை

குரல்வளையை இழக்கவிருப்பவர், அறுவைக்கு முன்னரே பேச்சுப் பயிற்சியாளரையும், இயலுமாயின் மீண்டும் பேசக் கற்ற ஒருவரையும் சந்தித்தல் நலம். எவ்வழி அவருக்குப் பொருந்தும் என்பதை உடல்நிலை, தொழில், பொருள்வசதி, குடும்பத்துணை ஆகியவற்றைக் கொண்டு அவரோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும். அவர் எச்சொற்களைக் கொண்டு பேசப் பழகுவது என்பதோ மருத்துவத்திற்கு மட்டும் உரிய வினாவன்று. வல்லினம், மாத்திரை, வினாவிடைச்சொல் ஆகியவற்றைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் பேச்சுப் பயிற்சியாளர்களோடு இணைந்து படிநிலைச் சொற்பட்டியல்களை உருவாக்கிப் பயன்பாட்டில் சோதித்தறிதல் வேண்டும். வகுப்பறையில் கற்பிக்கப்படும் பிறப்பியல், குரலிழந்த ஒருவர் தம் வீட்டாரைப் பெயர்சொல்லி அழைக்கவும் பயன்படக்கூடும்.